வெறுங்காலில் ஓடிப் பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆனவரும் சரி, பல ஆண்டு ஓடி முழங்கால் நொந்தவரும் சரி, வெறுங்கால் ஓட்டம் என்றதும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. வெறுங்கால்ல ஓடுறதும் மினிமலிஸ்ட் ஷூ போட்டு ஓடுறதும் ஒண்ணுதானே?

இல்லை. வெறுங்காலில் ஓடும்போது கல் குத்தும், சூடு தெரியும், கால் லேசாக இழுபட்டாலே தோல் எரியும். அந்தத் தொல்லைதான் உங்களுக்குக் கடிவாளம். முதல் நாள் ஐந்து நிமிடத்திலேயே பாதத்தின் தோல் ‘போதும்’ என்று சொல்லிவிடும்.

மினிமலிஸ்ட் ஷூவின் மெல்லிய சோல் தோலைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் எலும்புக்கும் தசைநாருக்கும் போகும் சுமை கிட்டத்தட்ட அப்படியே போகிறது. கடிவாளம் கழன்றுவிடுவதால் முதல் நாளே அரை மணி நேரம் ஓடிவிட முடியும். புதியவர்கள் அளவு தெரியாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

2. என்கிட்ட இருக்கிற ஷூ மினிமலிஸ்ட் வகையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 நிபுணர்கள் சேர்ந்து இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். எடை, குதிகாலுக்குக் கீழே சோலின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் (இதைத்தான் ‘டிராப்’ என்கிறோம்), வளையும் தன்மை, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் கூடுதல் அமைப்புகள் என ஐந்து அம்சங்கள். ஒரு ஷூ 125 கிராமுக்குக் கீழே, சோல் 8 மில்லிமீட்டருக்குக் கீழே, டிராப் 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண். 325 கிராம், 32 மி.மீ., 13 மி.மீ. என்ற அளவுகளை எட்டினால் பூஜ்யம்.

வீட்டில் பார்க்க எளிய வழி: ஷூவைக் கையில் எடுத்து முனையையும் குதிகாலையும் சேர்த்து மடியுங்கள், பிறகு ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். இரண்டுக்கும் எதிர்ப்பில்லாமல் இணங்க வேண்டும். அடுத்து, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால், எவ்வளவு மெல்லிய ஷூவாக இருந்தாலும் அது உங்கள் பாதத்துக்கு ஆகாது.

3. ஷூவைக் கழட்டிட்டா காயமே வராதுன்னு சொல்றாங்களே?

அப்படி நிரூபிக்கப்படவில்லை. சுமை எங்கும் போய்விடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. வெறுங்காலில் ஓடும்போது பலருக்கு எட்டு (ஒவ்வோர் அடியின் நீளம்) குறுகும், பாதம் கொஞ்சம் தட்டையாகவோ முன்பாதம் முதலிலோ பதியும். அப்போது முழங்காலுக்குப் போகும் சுமை குறையும். அங்கே குறைந்ததற்கு ஈடாகக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பாதத்தின் நீள எலும்புகளும் கூடுதலாக உழைக்கும். முடிவெடுக்கும்போது மனதில் வைக்க வேண்டிய ஒரே கணக்கு இதுதான். பின்வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

விளம்பரத்தை நம்பி வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரியும் ஷூக்களை விற்ற வைப்ரம் நிறுவனத்தின் மீது, காயம் குறையும், பாதத் தசை வலுப்பெறும் என்ற விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2014இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே, 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

4. மனுஷன் இயற்கையா முன்பாதத்துலதானே ஓடுவான்? குதிகால்ல ஓடுறது ஷூ கொடுத்த கெட்ட பழக்கம்தானே?

2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவிய கருத்து இது. சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அவர்களுக்குத் தரை மோதும் முதல் அதிர்ச்சி குறைவு என்று அந்த ஆய்வு காட்டியது. அது உண்மை. ஆனால் 2013இல் கென்யாவின் வடபகுதியில் வாழும் தாசனெச் மக்களை ஆராய்ந்தபோது வேறு விதமாக இருந்தது. வழக்கமாக வெறுங்காலில் நடமாடும் அவர்கள், தங்களுக்கு வசதியான நிதான வேகத்தில் ஓடியபோது 72 சதவீத முறை குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோது அது குறைந்தது.

ஆக, வேகம், தரை, பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் கால் எப்படிப் பதியும் என்று தீர்மானிக்கிறது. ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

5. அபேபே பிகிலா வெறுங்கால்ல ஒலிம்பிக் ஜெயிச்சாரே!

ஜெயித்தார். 1960 ரோம் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முடித்தார், அன்றைக்கு அது உலகிலேயே சிறந்த நேரம். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து 2:12:11இல் ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். வெறுங்காலில் உலகத் தரத்தில் ஓட முடியும் என்பதற்கு முதல் ஓட்டம் சான்று. ஷூ அவரைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு இரண்டாவது சான்று.

6. எனக்கு முழங்கால் வலி இருக்கு. மாறினா சரியாகுமா?

மாறிப் பார்க்க நியாயமான காரணம் உள்ளவர்களில் நீங்கள் முதல் வரிசை. குறிப்பாக, முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது கூடுதல், ஓட்டத்தில் எட்டு நீளம் என்றிருந்தால் 3ஆம் பதிலில் சொன்ன இடமாற்றம் உங்களுக்குச் சாதகம். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ அது வேறு பிரச்சினை, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் ஷூவை மாற்றாமலே இந்தப் பலனில் பெரும்பங்கை எடுத்துவிடலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள் (வலது கால் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்). அதே வேகத்தில் அந்த எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலுக்குப் போகும் சுமை குறைவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. 160 என்றால் 168 முதல் 176 வரை. ஆறு வாரம் இதைச் செய்து பார்த்துவிட்டு அதன்பிறகு ஷூவைப் பற்றி யோசியுங்கள்.

7. யாரெல்லாம் இதைத் தொடவே கூடாது?

சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. கண்ணாடிச் சில்லு ஏறியது தெரியாமலே அரை மணி ஓடி, பிறகு அது புண்ணாகி, அதுவும் தெரியாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்களுக்கும் இதே பதில்.

குதிகால் தசைநாரில் வலி, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் குத்துவலி, கடந்த ஓராண்டில் பாத எலும்பில் விரிசல், எலும்பு அடர்த்திக் குறைவு, மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குச் சாப்பாடு குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் இப்போது வேண்டாம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

8. நான் ரெடியான்னு வீட்டுலேயே பார்க்க வழி இருக்கா?

மூன்று சோதனைகள் போதும். ஒன்று, சுவரை விரலால் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்கு ஏற்றி மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 20 முறையாவது தடுமாறாமல் வர வேண்டும். இரண்டு, சுவரிலிருந்து பெருவிரலை ஒரு கையகலம், அதாவது 10 செ.மீ. அளவுக்குத் தள்ளி வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியாவிட்டால் கணுக்கால் இறுகியிருக்கிறது, டிராப் இல்லாத ஷூ அந்தக் கெண்டைக்காலை ஒவ்வொரு அடியிலும் இழுக்கும்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் பலர் தோற்பது இதில்தான். பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு பெருவிரலை மட்டும் தூக்குங்கள், மற்ற நான்கும் கீழேயே இருக்கட்டும். பிறகு நான்கையும் தூக்கி, பெருவிரலை மட்டும் அழுத்துங்கள். முதல் முறை விரல்கள் சொன்ன பேச்சே கேட்காது. தினமும் ஐந்து நிமிடம் முயன்றால் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும்.

9. சரி, முதல் நாள் எவ்வளவு ஓடலாம்?

முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம். வெறுங்காலிலோ மெல்லிய ஷூவிலோ தினம் 20 முதல் 30 நிமிடம் நடங்கள், 8ஆம் பதிலின் குதிகால் ஏற்றத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். மூன்றாம் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என ஐந்து சுற்று, வாரத்தில் மூன்று நாள், நடுவே கட்டாயம் ஒருநாள் இடைவெளி. அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் பாதியாகக் குறையுங்கள். இந்தக் கணக்கில் மூன்று மாத முடிவில் ஒரு ஓட்டத்துக்கு 15, 20 நிமிடம் தொடுவீர்கள். அது போதும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. வழக்கமான ஓட்டத்தை முடித்துவிட்டுக் களைத்த காலோடு வெறுங்கால் ஓட்டத்தைக் கடைசியில் சேர்ப்பது ஒன்று. கால் புத்துணர்ச்சியோடு இருக்கும் தொடக்கத்திலேயே அதை முடித்துவிட்டு, பிறகு பழைய ஷூவை மாட்டிக்கொள்ளுங்கள். மற்றது, வாராந்தரத் தூரத்தின் மேல் இதைக் கூடுதலாக ஏற்றுவது. ஏற்றாதீர்கள், அதே அளவைப் பழைய ஓட்டத்திலிருந்து கழியுங்கள்.

இவ்வளவு மெதுவா என்று தோன்றும். 2013இல் 36 ஓட்டக்காரர்களை வைத்து 10 வார ஆய்வு ஒன்று நடந்தது. அவர்களில் 19 பேர் படிப்படியாக மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறினார்கள். பத்தாவது வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்த 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோப்பு கூடியிருந்தது. எலும்பு சுமையைத் தாங்கத் திணறுவதன் அடையாளம் அது. படிப்படியாக மாறியும் பத்து வாரம் பலருக்குப் பற்றவில்லை.

10. புல்தரை, மணல் மாதிரி மெத்துனு இருக்கிற இடம்தானே ஆரம்பிக்க நல்லது?

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும், ஆனால் சமமான, வழவழப்பான, சுத்தமான கடினத் தரையே நல்ல ஆசிரியர். அங்கே காலைத் தடதடவென்று போட்டால் உடனே வலிக்கும், நீங்களே மென்மையாகப் பதிக்கக் கற்றுக்கொள்வீர்கள். புல்லில் அந்தப் பாடம் கிடைக்காது. முள்ளும் சில்லும் கண்ணில் படவும் படாது. உலர்ந்த மணலில் குதிகால் புதைந்து கெண்டைத்தசை அளவுக்கு மேல் இழுபடும். கடற்கரையின் ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் சரிவு இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழும்.

சிந்தெடிக் டிராக் உப்புத்தாள்போலத் தோலைத் தேய்க்கும். டிரெட்மில் பெல்ட் சூடேறிக் கொப்புளம் தரும். வெயிலேறிய தார்ச்சாலையில் புறங்கையைப் பத்து விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் பாதத்துக்கும் ஆகாது.

11. காலை எப்படி வைக்கணும்? முன்பாதத்துலயே ஓடணுமா?

முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓடுவதால்தான் பெரும்பாலான கெண்டைக்கால் வலி வருகிறது. குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலிலேயே தத்தித் தத்தி ஓடுபவர்களைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கெண்டை கல்லாகிவிடும். முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் தொடட்டும், உடனே குதிகாலும் பூப்போல வந்து தரையில் அமர வேண்டும். ஒவ்வொரு அடியிலும்.

பாதத்தை மறந்துவிட்டு மூன்றைக் கவனியுங்கள்: முழங்கால் லேசாக மடிந்திருக்கிறதா, கால் உடலுக்கு முன்னால் எட்டிப்போய் விழாமல் உடலுக்குக் கீழேயே விழுகிறதா, சத்தம் வருகிறதா. சத்தம்தான் நம்பகமான அளவுகோல். ‘பட் பட்’ என்று கேட்டால் எட்டைக் குறைத்து 6ஆம் பதிலில் சொன்ன எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

12. கொப்புளம் வந்துடுச்சு. தோல் தடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கணுமா?

கொப்புளம் எங்கே வந்தது என்று பாருங்கள். பாதம் நீங்கள் ஓடும் விதத்தை எழுதிக்காட்டுகிறது. விரல் நுனிகளின் அடியில் என்றால் விரலால் தரையைப் பிறாண்டித் தள்ளுகிறீர்கள். தள்ளாமல் காலைத் தூக்க வேண்டும். முன்பாதத்தின் உருண்டைப் பகுதியில் என்றால் தரை தொடும் கணத்தில் பாதம் திருகுகிறது, அல்லது எட்டிவைத்து பிரேக் போடுகிறீர்கள். குதிகாலின் பின்விளிம்பு என்றால் எட்டு மிக நீளம். தோல் ஆறும்வரை ஓடாதீர்கள், ஆறியபின் அந்தப் பழக்கத்தைத் திருத்துங்கள். நன்றாக ஓடுபவரின் பாதத்தில் காய்ப்பு கொஞ்சம்தான் இருக்கும். தோல் தோல்பைபோல உறுதியாகும், கரடுமுரடாக வெடிக்காது.

டெட்டனஸ் பூஸ்டர் போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் லார்வா தோல் வழியாகவே உள்ளே ஏறும், அப்படிப்பட்ட இடங்களில் செருப்பையோ ஷூவையோ கழற்றாதீர்கள்.

13. எந்த வலி சாதாரணம், எந்த வலியில நிறுத்தணும்?

இரண்டு கெண்டைக்கால்களிலும் மந்தமான வலி, அடுத்த நாள் அதிகமாகி இரண்டு நாளில் அடங்கினால் அது தசை பழகும் வலி. அடங்கியபிறகே அடுத்த ஓட்டம்.

ஒரு காலில் மட்டும், ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் நிறுத்துங்கள். பாதத்தின் மேல்பக்கம் விரல்களுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்புகளை, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் விரலடியிலிருந்து கணுக்கால் நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். குறிப்பாக இரண்டாவது, மூன்றாவது எலும்பு. ஓரிடத்தில் நாணய அளவுகூட இல்லாத புள்ளியில் ‘ஆ’ என்று கத்த வைத்தால், அதன்மேல் லேசான வீக்கமும் இருந்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும் எலும்பு விரிசல் என்றே வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாள் ஓடப் போய்விடாதீர்கள். நேரத்தில் பிடித்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும்.

14. எனக்குத் தட்டைப் பாதம். முடியாதுல்ல?

நுனிக்காலில் ஏறி நில்லுங்கள். அப்போது பாத வளைவு தோன்றினால் உங்களுடையது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை அது தடை இல்லை. தோன்றவே இல்லை, அல்லது உள்கணுக்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

15. எடை கொஞ்சம் அதிகம். பரவாயில்லையா?

எடை முக்கியம். 61 ஓட்டக்காரர்களை 26 வாரம் தொடர்ந்த ஓர் ஆய்வில், உடல் எடை கூடக்கூட மினிமலிஸ்ட் ஷூவில் காயமடையும் வாய்ப்பு கூடியது. வாரத்துக்கு 35 கி.மீ. தாண்டிய பிறகு வலியும் கூடியது. எடை அதிகம் என்றால் நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மினிமலிஸ்ட் ஷூவில் நடப்பது மட்டுமே, 8 வாரத்தில், தனிப் பாதப் பயிற்சி தரும் அளவுக்குப் பாதத் தசையை வலுவாக்கியதாக 2019இல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஆகவே அது இரண்டாந்தரம் ஒன்றும் இல்லை.

16. வேகம் கூடுமா?

ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடும். அதனால் வெறுங்கால்தான் சிக்கனம் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2012இல் வெறுங்காலில் ஓடி அனுபவப்பட்டவர்களை வைத்தே அளந்து பார்த்தபோது, 150 கிராம் அளவுள்ள, மெத்தை வைத்த ஷூவைவிட வெறுங்கால் சிக்கனமாக இல்லை. மெத்தை செய்யும் வேலையைக் காலில் தசை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கும் ஆற்றல் செலவாகும். நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் இது உங்கள் வழி இல்லை.

17. ‘ஜீரோ டிராப்’னு போட்டு தடிமனான மெத்தையோட ஒரு ஷூ பார்த்தேன். அது நடுவழிதானே?

அது மினிமலிஸ்ட் இல்லை. டிராப் இல்லாததால் குதிகால் தசைநார் இழுபடும், அந்தப் பாதிச் சுமை வந்துவிடும். தடித்த மெத்தையால் தரையின் உணர்வும் சத்தமும் தெரியாது, கற்றுக்கொடுக்கும் பாதி போய்விடும். படிப்படியாக இறங்க வேண்டுமென்றால் 10 மி.மீ. டிராப்பிலிருந்து 6, பிறகு 4 என இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று மாதம் இருங்கள்.

18. நாலு மாசம் ஒரு வலியும் இல்ல. திடீர்னு இப்போ வலிக்குது. என்ன தப்பு பண்ணேன்?

தசை சில வாரங்களில் வலுவாகும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எலும்பு, சுமை கூடினால் முதலில் பழையதைக் கரைத்துவிட்டு அதன்பிறகே புதியதைக் கட்டும், இடைப்பட்ட வாரங்களில் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். கெண்டைக்கால் தெம்பாக இருப்பதை நம்பி நாலாவது மாதத்தில் நீங்கள் வேகத்தையோ தூரத்தையோ ஏற்றியிருப்பீர்கள்.

கடந்த மூன்று வாரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். மேட்டில் ஓட்டம், வேக ஓட்டம், ஒரு பந்தயம், பழைய ஷூவை முற்றிலும் ஒதுக்கியது, நாள் முழுக்க நிற்கும் வேலைக்கும் அதே தட்டை ஷூ, இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். 13ஆம் பதிலின் சோதனையில் எலும்பு தப்பித்தால், அந்த ஒன்றை நீக்கி, அளவைப் பாதியாக்கி, மூன்று வாரம் அங்கேயே நில்லுங்கள்.

19. பந்தயத்துல வெறுங்காலோட ஓட விடுவாங்களா?

உலகத் தடகள அமைப்பின் விதி வெறுங்காலை அனுமதிக்கிறது, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டு ஓடக்கூடத் தடை இல்லை. உங்கள் பந்தயத்துக்குத் தனி விதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் வெறுங்காலில் தாண்டாத தூரத்தைப் பந்தயத்தில் தாண்ட முயல வேண்டாம்.

20. எனக்கு முழங்காலும் வலிக்குது, குதிகால் தசைநாரும் வலிக்குது. எந்தப் பக்கம் போறது?

3ஆம் பதிலின் கணக்குப்படி எந்தப் பக்கம் சுமையைத் தள்ளினாலும் ஒன்று நோகும். ஆகவே இப்போதைக்கு ஷூவைத் தொடாதீர்கள். தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். எட்டு எண்ணிக்கையை 5 சதவீதம் மட்டும் கூட்டுங்கள், பத்து வேண்டாம், தசைநார் முறைத்துக்கொள்ளும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் ஏற்றம் செய்யுங்கள்: மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம், எட்டு முதல் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. சுலபமானதும் முதுகுப்பையில் எடை ஏற்றுங்கள். அதே நாளில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சேருங்கள், முழங்கால் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத ஆழம் வரை மட்டும். பன்னிரண்டு வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் குதிகால் தசைநாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். வலி இல்லை, மறுநாளும் விறைப்பு இல்லை என்றால் 9ஆம் பதிலின் முதல் வாரத்திலிருந்து தொடங்கலாம்.